மூச்சு முட்டினால் ஸ்கான் எதற்கு?

(மாதாந்த மருத்துவ நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நான் கொலோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் வைத்தியர். சென்ற மாதம் சலரோகக்காரரின் கால் பராமரிப்புப் பற்றிப் பேசியபோது பல நேயர்கள் தொலைபேசியில் வந்து கேள்வி கேட்டீர்கள். அதில் இரண்டு பேர் கேட்டது காலைப் பற்றியதே அல்ல. "அப்பாவுக்கு மூச்சு முட்டுது என்றுதான் அம்புலன்ஸில் கொண்டுபோனோம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பார்க்கிற ஸ்கானை நெஞ்சிலே வைத்துப் பார்த்தார்கள். ஏன் அப்படி? எக்ஸ்றே எடுக்க வசதியில்லையா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இன்றைய உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

முதலில் எங்கள் பேச்சுவழக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மூச்சு விடக் கஷ்டம் என்றால் நாங்கள் முட்டு என்போம், இழுப்பு என்போம், களைக்குது என்போம், தொய்வு என்போம். ஊரில் ஒருவருக்குத் தொய்வு என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அது சாகும்வரை அவரோடு போகும். அதற்குப் பிறகு எப்போது மூச்சு முட்டினாலும் "அவருக்குப் பழைய தொய்வுதான்" என்று சொல்லி, நீல நிற பம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவோம்.

ஆனால் மூச்சுத் திணறல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்கள் வந்து தட்டும் ஒரே கதவு அது. சுவாசக் குழாய் சுருங்கினாலும் மூச்சு முட்டும். இருதயம் பலவீனப்பட்டு சுவாசப்பைக்குள் நீர் ஏறினாலும் முட்டும். நியூமோனியாக் காய்ச்சலிலும் முட்டும். காலில் உண்டான இரத்தக்கட்டி சுவாசப்பைக் குழாயில் போய் அடைத்தாலும் முட்டும். சுவாசப்பையில் ஓட்டை விழுந்து காற்று நெஞ்சறைக்குள் கசிந்தாலும் முட்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் டயலிசிஸைத் தவறவிட்டாலும் முட்டும்.

இவற்றுக்கான வைத்தியம் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. தொய்வுக்குக் குழாயை விரிக்கும் மருந்து வேண்டும். நீர் ஏறிய சுவாசப்பைக்கு நீரை வெளியேற்றும் ஊசியும், முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றும் வேண்டும். நியூமோனியாவுக்கு அன்ரிபயோற்றிக். இரத்தக்கட்டிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. காற்றுக் கசிவுக்கு நெஞ்சில் குழாய். ஒருவருக்கு உயிர் கொடுக்கும் சேலைன், இன்னொருவரின் நீர் ஏறிய சுவாசப்பையை இன்னும் மூழ்கடிக்கும். நோயாளி நிமிர்ந்து இருந்து வியர்த்துக் கொட்டி, இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாமல் இருக்கும் நேரத்தில், எது என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து அறிய மனிதர் பட்ட பாடு பெரியது. எங்கள் ஊரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்துவிட்டதா என்று சொல்வார்கள். அதே மாதிரி 1761இல் வியன்னாவில் அவுன்புறுக்கர் என்ற வைத்தியர் நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய தகப்பன் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி எவ்வளவு மது மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்திலிருந்து அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1816இல் பாரிஸில் லென்னெக் என்பவர் கடதாசியைக் குழாயாகச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. 1895 நவம்பரில் இந்த நாட்டின் வூர்ட்ஸ்பேர்க் நகரத்தில் றொன்ற்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் ஜேர்மன்காரர் எக்ஸ்றேயை அவருடைய பெயரால்தான் அழைக்கிறார்கள். இந்த மூன்றும் இன்றுவரை எங்களுக்கு உதவுகின்றன. மூன்றுக்கும் குறைகளும் உண்டு. இருதயத்தால் வரும் மூச்சுத் திணறலிலும் சிலவேளை தொய்வைப் போலவே விசில் சத்தம் கேட்கும். அம்புலன்ஸ் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் எதுவுமே கேட்காது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு எடுக்கும் எக்ஸ்றேயில் முன்பக்கம் தேங்கிய காற்று பலமுறை தெரியாமல் போய்விடும்.

அப்படியென்றால் ஸ்கானை ஏன் முன்பே பாவிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் ஸ்கான் என்று சொல்வதும், ஜேர்மன்காரர் உல்ட்றாஷால் என்று சொல்வதும், எங்கள் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி அதன் எதிரொலியைப் படமாக்குவதுதான். கடற்தொழில் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வள்ளத்திலிருந்து ஒலியை அனுப்பி மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒலி, நீரிலும் தசையிலும் நன்றாகப் போகும். காற்றைக் கண்டால் அப்படியே திரும்பிவிடும். சுவாசப்பை முழுக்கக் காற்று. அதனால் சுவாசப்பைக்கு ஸ்கான் உதவாது என்றுதான் நெடுங்காலம் மருத்துவப் புத்தகங்கள் சொல்லி வந்தன. சுவாசப்பையைச் சுற்றித் தேங்கும் நீரைப் பார்ப்பதற்கு மட்டும் அதைப் பாவித்தார்கள்.

இந்த எண்ணம் மாறியதில் ஒரு குதிரைக்கும் பங்கு உண்டு. 1986இல் றன்ரனென் என்ற மிருக வைத்தியர், நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்த குதிரை ஒன்றில், சுவாசப்பை வழுக்கி அசையும் அசைவு ஸ்கானில் காணாமல் போவதை எழுதினார். பிறகு அது மனிதரிலும் உண்மை என்று தெரியவந்தது. பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அம்புறுவாஸ் பாரே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த டானியல் லிச்ரென்ஸ்ரைன் என்ற வைத்தியர், எல்லோரும் குப்பை என்று ஒதுக்கிய அந்தப் பொய் நிழல்களை வருடக்கணக்காக உட்கார்ந்து படித்தார். அவருடைய புத்தகம் பிரெஞ்சு மொழியில் 1992இல் வந்தது. 2008இல், கடுமையான மூச்சுத் திணறலோடு வந்த 260 பேரில், ஸ்கானை வைத்து மட்டும் காரணத்தைச் சொல்ல முடியுமா என்று பார்த்த ஆய்வை வெளியிட்டார். நூற்றுக்குத் தொண்ணூறுக்குச் சற்று அதிகமானவர்களில் ஸ்கான் சொன்ன காரணம் சரியாக இருந்தது. பார்க்க எடுக்கும் நேரம் சில நிமிடம். 2012இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, கட்டிலருகில் சுவாசப்பை ஸ்கான் செய்யும் முறைக்குச் சர்வதேசப் பரிந்துரைகளை வெளியிட்டார்கள்.

திரையில் நாங்கள் என்னதான் பார்க்கிறோம்? வானொலியில் படம் காட்ட முடியாது. சொல்லிப் பார்க்கிறேன்.

கருவியை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். சுவாசப்பையைப் போர்த்தியிருக்கும் சவ்வும், நெஞ்சுச் சுவரின் உட்பக்கச் சவ்வும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. மூச்சு விடும்போது அந்தக் கோடு காற்றில் சேலைத் தலைப்பு அசைவது போல மினுங்கி வழுக்கும். வழுக்கினால் அந்த இடத்தில் சுவாசப்பை நெஞ்சுச் சுவரோடு ஒட்டி இருக்கிறது, காற்றுக் கசிவு இல்லை என்று அர்த்தம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே, சம இடைவெளியில், அதே கோடு திரும்பத் திரும்பத் தெரியலாம். சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்தால் உங்கள் முகம் வரிசையாகத் தெரியும் அல்லவா? அது போலத்தான். உள்ளே காற்று இருக்கிறது, சுவாசப்பை காய்ந்து இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தொய்விலும் இப்படித்தான் தெரியும்.

சுவாசப்பையின் நுண்ணிய சுவர்களில் நீர் ஏறினால் படம் மாறிவிடும். வெள்ளைக் கோட்டிலிருந்து திரையின் அடிவரைக்கும், பனிமூட்டத்தில் கார் விளக்கின் ஒளி விழுவது போல, நிமிர்ந்த வெள்ளைக் கீற்றுகள் இறங்கும். ஒன்றிரண்டு என்றால் பெரிய விடயமில்லை. ஒரே இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ, அதுவும் இரண்டு பக்கத்திலும் பல இடங்களில் இருந்தால் சுவாசப்பை நனைந்திருக்கிறது. நியூமோனியாவில் ஒரு பகுதி இறுகிப்போய் ஈரலைப் போலத் தெரியும். சுற்றிவர நீர் தேங்கியிருந்தால் கறுப்பாகத் தெரியும்.

காய்ந்ததா, நனைந்ததா, இறுகியதா, அசைகிறதா. இந்த நான்கு கேள்விக்கும் கட்டிலருகிலேயே பதில் கிடைக்கிறது. நோயாளியை எக்ஸ்றே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பயமின்றிச் செய்யலாம்.

மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் எழுபது வயது தாண்டிய அம்மா. ஊரிலிருந்தே தொய்வுக்காரி என்று பெயர். இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவந்தார்கள். மாலையிலிருந்தே பம்ப் அடித்துக்கொண்டிருந்தாராம். நெஞ்சில் விசில் சத்தம் நன்றாகக் கேட்டது. மகளிடம் கேட்டேன், எத்தனை தலையணை வைத்துப் படுப்பார் என்று. "முதல் ஒன்று, இப்ப மூன்று. இரண்டு கிழமையாகக் கதிரையிலேயே நித்திரை" என்றார். கணுக்கால் வீங்கியிருந்தது. கருவியை வைத்தேன். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கீற்றுகள். அது தொய்வு இல்லை, இருதயம். முகமூடி போட்டு, நீரை வெளியேற்றும் ஊசியும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தோம். ஒரு மணித்தியாலத்தில் முழு வசனம் பேசினார். பேசிய முதல் வசனம், "மகள் சாப்பிட்டவவோ?" என்பதுதான்.

இரண்டாமவர் இருபது வயதுக்குள் உள்ள பொடியன். உயரம், மெலிவு, சிகரெட் பழக்கம். உதைபந்து விளையாடியபோது நெஞ்சு ஒரு பக்கம் குத்தியது. தசைப்பிடிப்பு என்று நினைத்து வீட்டில் எண்ணெய் பூசியிருந்தார்கள். ஸ்கானில் இடது பக்கக் கோடு அசையவே இல்லை. கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தியபோது, அசைவு நிற்கும் எல்லை ஒரு இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த எல்லை தெரிந்தால் காற்றுக் கசிவு என்று உறுதியாகச் சொல்லலாம். குழாய் போட்டோம். சில நாளில் வீட்டுக்குப் போனார். சிகரெட்டையும் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

மூன்றாமவர் கொழும்பிலிருந்து வந்து இறங்கி நான்கு நாள். பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் அசையாமல் இருந்தவர். திடீரென்று களை. சுவாசப்பையைப் பார்த்தால் சுத்தமாக, காய்ந்து, நன்றாக அசைகிறது. அவ்வளவு மோசமாக மூச்சு முட்டுபவரில் சுவாசப்பை இவ்வளவு நன்றாக இருந்தால் எங்களுக்கு வேறு பயம் வரும். கருவியைக் காலுக்குக் கொண்டுபோனேன். தொடையின் நாளத்தை அழுத்தினேன். சுகமான நாளம் அழுத்தினால் தட்டையாகும். இது ஆகவில்லை, உள்ளே கட்டி. உடனே மருந்தைத் தொடங்கி, சீ.ரி. ஸ்கானுக்கு அனுப்பினோம். சுவாசப்பைக் குழாயில் அடைப்பு உறுதியானது.

மூன்று பேரும் சொன்னது ஒரே முறைப்பாடு, "மூச்சு விட ஏலாது". மூன்று பேருக்கும் பம்பை மட்டும் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இது என்னுடைய மூன்று அனுபவத்தோடு நிற்கும் கதையும் அல்ல. இத்தாலியில் ஏழு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1005 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூச்சுத் திணறல் இருதயத்தாலா, வேறு காரணத்தாலா என்று வைத்தியர்கள் முதலில் ஸ்கான் இல்லாமல் பரிசோதித்துச் சொன்னார்கள். இருதயக் காரணம் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேரை அப்படிக் கண்டுபிடித்தார்கள். அதோடு சுவாசப்பை ஸ்கானையும் சேர்த்தபோது அது 97 ஆனது. நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்பது ஒரு கணக்காகத் தெரியலாம். அந்தப் பன்னிரண்டில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால் அது கணக்கு அல்ல.

2020இல் கொரோனா வந்தபோது இந்த முறை இன்னும் பரவியது. தொற்றுள்ளவரைக் கட்டிடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரியாமல், அவர் இருக்கும் அறையிலேயே பார்க்க முடிந்தது. இப்போது கைத்தொலைபேசியில் பொருத்திப் பார்க்கும் சிறிய கருவிகளும் இருக்கின்றன. ஜேர்மனியில் ஸ்கானை வைத்தியரே கையில் எடுத்துச் செய்வது பழைய வழக்கம். அதனால் இங்கே இது வேகமாக ஊன்றியது. நோட்ஆர்ஸ்ட் என்று வீட்டுக்கே வரும் அவசர வைத்தியர்களில் சிலரும் இதைக் கொண்டுவருகிறார்கள்.

இனி இதன் குறைகளையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். நீர் ஏறினாலும் அந்த வெள்ளைக் கீற்றுகள் வரும், சுவாசப்பை தழும்பு பிடித்த நோயிலும் வரும், சிலவகை நியூமோனியாவிலும் வரும். கீற்றைக் கண்டவுடன் இருதயம் என்று முடிவுகட்ட முடியாது. சவ்வைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கட்டியை இது காட்டாது. மிகவும் பருமனானவர்களில் படம் மங்கலாக இருக்கும். கால் நாளத்தில் கட்டி தெரியாவிட்டாலும் சுவாசப்பைக் குழாயில் அடைப்பு இருக்கலாம், அதற்குச் சீ.ரி.தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழகாத கையில் இந்தக் கருவி ஊமை. ஆகவே ஸ்கான் பார்த்த பிறகும் எக்ஸ்றேயும் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜீ.யும் எடுப்பார்கள். "ஒன்றும் விளங்காமல்தான் எல்லாம் எடுக்கினம்" என்று நினைக்கவேண்டாம். முதல் வைத்தியத்தை எந்தத் திசையில் தொடங்குவது என்று ஸ்கான் சொல்கிறது. மற்றவை அதைச் சரிபார்க்கின்றன.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கி அனுப்பவேண்டும் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. சிறிய ஸ்கான் கருவி நல்ல யோசனைதான். ஆனால் கருவியை மட்டும் பெட்டியில் அனுப்பினால் அது அலுமாரிக்குள் தூங்கும். பாவிக்கப் போகும் வைத்தியர் யார், அவருக்கு யார் பழக்குவது, பழுதானால் யார் திருத்துவது என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். கருவில் இருப்பது பெண் என்று அறிந்து அழிப்பதைத் தடுக்க இந்தியாவில் 1994இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி ஸ்கான் கருவியைப் பதிவு செய்யவேண்டும். கையில் கொண்டு திரியும் கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு. சுவாசப்பை பார்க்கத்தானே என்று சூட்கேசில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் அது, அதை மதித்து முறைப்படி செய்யுங்கள்.

கடைசியாக, நீங்கள் வீட்டில் செய்யவேண்டியது. கருவி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நோயாளி வந்து சேர்ந்தால்தான் வேலை செய்யும். எங்கள் ஆட்கள் பிந்தி வருகிறார்கள். விடியட்டும் என்று பார்க்கிறார்கள், மகன் வேலையால் வரட்டும் என்று பார்க்கிறார்கள், மொழி தெரியாதே என்று தயங்குகிறார்கள்.

இருந்தபடியே மூச்சு முட்டினால், உதடு நீலமானால், ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் போனால், நெஞ்சு நோவோடு களை வந்தால், 112ஐ அழையுங்கள். கொலோனில் அந்த அழைப்பைத் தீயணைப்புப் படையின் நிலையத்தில்தான் எடுப்பார்கள். இலக்கம் மாறிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். ஜேர்மன் தெரியாவிட்டாலும் "ஆட்டம்நோட்" என்ற ஒரு சொல்லையும் உங்கள் விலாசத்தையும் சொன்னால் போதும். மூச்சுத் திணறல் என்பதற்கான ஜேர்மன் சொல் அது. அவசரம் குறைந்த, ஆனால் காலைவரை காத்திருக்க முடியாத விடயங்களுக்கு 116117.

அம்மா அப்பாவின் மருந்துப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே ஒட்டி வையுங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவருக்கு அச்சிட்ட மருந்துத் திட்டம் ஒன்றைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வாங்கும் உரிமை 2016 ஒக்ரோபர் முதல் இங்கே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வைத்தியர் கேட்கப் போகும் கேள்விகளுக்கும் பதிலைத் தயாராக வைத்திருங்கள். எப்போது தொடங்கியது? படுத்தால் கூடுகிறதா? எத்தனை தலையணை? கால் வீங்கியதா, ஒரு கால் மட்டுமா, இரண்டுமா? அண்மையில் விமானப் பயணம் செய்தாரா? டயலிசிஸ் தவறியதா? இருதய வருத்தம் உள்ளவரைக் காலையில் நிறுத்துப் பாருங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சோறு அல்ல, நீர். மூச்சு முட்டும்வரை இருக்காமல் அன்றைக்கே வைத்தியருடன் பேசுங்கள்.

சுவாசப்பைக்குள் என்ன இருக்கிறது என்று திரை சொல்லும். அந்த இரண்டு கிழமை கதிரையிலே நித்திரை கொண்ட கதையைத் திரை சொல்லாது. அதை வீட்டில் கூட இருப்பவர்தான் சொல்லவேண்டும்.

இந்த உரை பற்றிய உங்கள் கேள்விகளை வழமைபோல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், அல்லது நேயர் நேரத்தில் தொடர்பு கொள்ளுங்கள். அடுத்த மாதம் டயலிசிஸ் செய்பவர்களின் சாப்பாடு பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். அதுவரை உங்கள் எல்லோரிடமிருந்தும் விடைபெறுகிறேன்.